வாயைத் திறந்து காட்ட என்ன வெட்கம்?

மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைக் கட்டி என்று எதையும் விடாமல் இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதுகிறார்கள். படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாக்கைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 'நாக்கைப் பற்றி எழுத என்னம்மா இருக்கிறது? ருசி பார்க்கும், ஊர் வம்பு பேசும், அவ்வளவுதானே' என்று கேட்பீர்கள். போன தீபாவளிக்கு அப்புறம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நாக்கை நீட்டியிருக்கிறார்கள். "நாக்குல என்னமோ பரு மாட்ட இருக்குது, பாரு கண்ணு" என்று.

நான் டாக்டர் இல்லை. பத்தாவது வரை படித்தவள். ஆனால் என் மாமியாரின் தங்கையோடு (எங்களுக்குச் சின்னத்தை) வாய்ப் புற்றுநோய் சிகிச்சைக்காக ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். அதனால் வாய்க்குள் எது வந்தாலும் தெருவில் எல்லோரும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பயப்பட வேண்டாதவள் ராத்திரி பகல் தூங்காமல் கிடக்கிறாள். பயந்து ஓட வேண்டியவளோ, "உஷ்ணம்தான், தானாப் போயிரும்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தவள் கல்யாணமாகி ஆறு மாதமான பெண். பல் துலக்கும்போது நாக்கை நன்றாக வெளியே நீட்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். நாக்கின் அடிப்பக்கம், தொண்டைக்குக் கிட்டே, வரிசையாக உருண்டை உருண்டையாக இருந்ததாம். அழுது கண்ணெல்லாம் வீங்கிப் போய் வந்தாள். அந்த உருண்டைகள் எல்லோருக்கும் உண்டு, சகோதரிகளே! எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும், அம்பு முனை மாதிரி இரண்டு வரிசையாக நிற்கும். ருசி தெரிகிற மொட்டுகள் அவற்றில்தான் நிறைய இருக்கின்றன. நாக்கின் இரண்டு ஓரத்திலும், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, மடிப்பு மடிப்பாக இருப்பதும் இயற்கையே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையை விட்டுவிட்டுப் போய் அடுப்பு வேலையைக் கவனிக்கலாம்.

அடுத்தது திடீரென்று வருகிற சின்னச் சின்னப் பருக்கள். சூடான காபியை அவசரமாகக் குடிக்கிறோம், அன்னாசிப்பழம் தின்கிறோம், சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்துவிடுகிறது. சிலர் நாக்கு வழிப்பானை வைத்துக் கரண்டியால் அடி பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டுகிறார்கள்! நுனி நாக்கில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒன்றிரண்டு புள்ளி எழும்பி, உப்பு உறைப்பு பட்டால் சுரீர் என்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஒரே இடத்தில் பல் பட்டுப் பட்டுக் கடித்துக்கொண்டே இருந்தால் சின்னதாகச் சதை திரண்டுகொள்வதும் உண்டு. அதற்குப் பல்லைத்தான் சரி செய்ய வேண்டும்.

வாய்ப்புண் வந்து வந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் நம் பாட்டிமார் சொன்ன வைத்தியம். சாப்பிடுங்கள், வாய்க்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மாதம் தவறாமல் புண் வருகிறது, நாக்கு வெளுத்து வழவழவென்று ஆகிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் எது குறைந்தாலும் நாக்கு முதலில் காட்டிக்கொடுக்கும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் ஒட்டியதைச் சாப்பிட்டால் வேறு எப்படி இருக்கும்? (இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்!)

தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்து, துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது என்றால் பூஞ்சைக் கிருமி. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் வரும். நாக்கில் தேசப்படம் வரைந்த மாதிரி சிவப்புத் திட்டு தோன்றி இடம் மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் கெடுதல் இல்லாததே. குழந்தைக்குக் காய்ச்சலோடு நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் மாதிரி சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தால் மட்டும் கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் உடனே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது பயப்பட வேண்டியதற்கு வருகிறேன்.

சின்னத்தைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபது வயதில் பல்வலி என்று அழுதபோது அவருடைய மாமியார் ஒரு கிள்ளு புகையிலையைக் கொடுத்து, "அதக்கிக்க சாமி, வலி ஓடிரும்" என்றாராம். வலி ஓடியதோ இல்லையோ, புகையிலை முப்பது வருடம் கன்னத்திலேயே தங்கிவிட்டது. வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பசியை மறக்கடிக்கும். களை எடுக்கும்போது பத்து மணிக்கு ஒரு தடவை, வெயில் ஏறினால் ஒரு தடவை. எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் நிறைந்த ஊர். வெற்றிலை போடாத வாயை வாயென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு கொப்புளம் மாதிரி வந்தது. அந்தப் பக்கம் உடைந்த பல் ஒன்று குத்திக்கொண்டிருந்ததால், "பல்லுதான் குத்திப் புண்ணாகிருச்சு" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மருந்துக்கடையில் சத்து மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி போனார், மறுபடி கொடுத்தார்கள். இப்படி நாலு மாதம்! ஒரு தடவையாவது 'வாயைத் திறங்கம்மா' என்று அந்தக் கடையில் கேட்டிருந்தால்... போகட்டும். இதில் முக்கியம் என்னவென்றால் அவருக்கு வலியே இல்லை. வலித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். வலிக்காத புண்ணை நாம் ஒரு புண்ணாகவே மதிப்பதில்லை. ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது என்று பிறகுதான் டாக்டரம்மா சொன்னார்.

அப்புறம் இடது காதில் குடைச்சல். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டார்கள். நாக்குப் புண்ணின் வலிதான் காதில் போய்த் தெரிந்திருக்கிறது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகே பேச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. பல் டாக்டர் இரண்டு நிமிடம்தான் பார்த்தார். விரலால் புண்ணைத் தொட்டார். அடியில் கெட்டியாக, ஓரம் தடித்து இருந்தது. தொட்டதும் ரத்தம் வந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சதைப் பரிசோதனை என்றதும் சொந்தக்காரர்கள் வந்து குதித்தார்கள். "கத்தி பட்டா பரவிரும், கை வைக்க விடாதீங்க" என்று. எத்தனை பேர் இந்தப் பேச்சைக் கேட்டு நாளைக் கடத்தியிருப்பார்கள்! சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. என்ன நோய், எந்த அளவு என்று தெரியாமல் வைத்தியமே ஆரம்பிக்க முடியாது. மரத்துப்போகிற ஊசி போட்டுப் பட்டாணி அளவில் ஒரு துண்டு எடுத்தார்கள். பத்து நிமிட வேலை.

பாதி நாக்கை எடுத்தார்கள், கழுத்திலும் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் கரண்ட். ஆபரேஷனாகி நாலு வருடம் ஆகிறது, கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார். சோற்றை மிக்ஸியில் அடித்து ரசம் ஊற்றிக் கரைத்துக் குடிக்கிறார். எங்கள் பக்கம் எந்த வீட்டில் வளைகாப்பு, சீர் என்றாலும் நலங்குப் பாட்டுக்குச் சின்னத்தையைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் கூப்பிடுகிறார்கள், போகிறார். முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் மட்டும் போடுகிறார்.

என் எதிர்வீட்டு அக்கா கதை வேறு. அவர்தான் என் வாசலில் வந்து நின்ற மூன்றாவது ஆள். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. அவரும் புகையிலை போடுகிறவர். சின்னத்தையை நினைத்து அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டு வைத்தால் மாறக்கூடும் என்றார்கள். அந்தத் திட்டை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு மூன்று தையல் போட்டு அனுப்பினார்கள். புகையிலையை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். சொன்ன தேதிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் இன்றைக்கும் அவர் குரல்தான் முதலில் கேட்கிறது!

எனக்கு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த கணக்கு ரொம்பச் சுலபம். இரண்டு வாரம். நாக்கிலோ கன்னத்தின் உட்பக்கத்திலோ வந்த பரு, புண், திட்டு, கட்டி எதுவானாலும் இரண்டு வாரத்தில் போக வேண்டும். போகவில்லையா, வலிக்கிறதோ வலிக்கவில்லையோ, பல் டாக்டரிடமோ காது மூக்குத் தொண்டை டாக்டரிடமோ காட்டிவிட வேண்டும். வெற்றிலையே தொடாதவர்களுக்கும் இதே கணக்குதான். எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு நாக்கில் புற்று வந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு மோசம். தொட்டால் ரத்தம் கசிகிறது, நாக்கை அசைக்க முடியவில்லை, விழுங்கக் கஷ்டம், பல் தானாக ஆடுகிறது, கழுத்தில் கட்டி என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நடு மூன்று விரலையும் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் வாயெல்லாம் எரிகிறது என்றால் வாயின் உள்தோல் இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இது பாக்கினால் வருவது. பள்ளிக்கூட வாசலில் இனிப்புப் பாக்குப் பொட்டலம் வாங்கித் தின்கிற பிள்ளைகளுக்கும் வரும்.

பாக்கு என்றதும் சிலருக்குக் கோபம் வரும். "மங்கலப் பொருளை இப்படிச் சொல்லலாமா? புகையிலை சேர்க்காவிட்டால் வெறும் வெற்றிலை பாக்கு என்ன செய்யும்?" என்று என் மாமியாரே கேட்டார். தாம்பூலம் கொடுப்பதையும் வாங்குவதையும் நான் குறை சொல்லவில்லை. விருந்து சாப்பிட்டுவிட்டு என்றைக்கோ ஒரு நாள் போடுவதற்கும், பொழுதுக்கும் வாயில் அடக்கிக்கொண்டு இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. புகையிலை கலக்காத பாக்கே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் திட்டமாகச் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அமைப்பு அது. பல்வலிக்கென்று மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கிற பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-17-ல் எடுத்த கணக்கில், நம் நாட்டில் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 100-க்கு ஏறக்குறைய 13 பேர். ஆண்கள் பீடி குடித்தால் ஊருக்கே தெரிகிறது. நம்முடையது முந்தானை முடிச்சில் இருக்கிறது, அதனால் யாரும் கேட்பதில்லை.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு வழிமுறை வகுத்துவிட்டது. நம் மாநிலத்தில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் நான் மேலே சொன்ன அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாய்ப் புற்றுநோய்க்காக ஒரு தடவையாவது வாயைக் காட்டியவர்கள் நாடு முழுக்க 100-க்கு ஒருவர்கூட இல்லை! மார்பைக் காட்ட வெட்கம், சரி, புரிகிறது. வாயைக் காட்ட என்ன வெட்கம்?

இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் திடலில் முகாம் போட்டார்கள். சர்க்கரைக்கு விரலை நீட்டினார்கள், பிரஷருக்குக் கையை நீட்டினார்கள். நர்ஸ் வாயைத் திறக்கச் சொன்னதும் முந்தானையால் மூடிக்கொண்டு, "அய்யோ வேண்டாங்க, பல்லெல்லாம் கறை" என்று நழுவிவிட்டார்கள். பக்கத்தில் ஆண்கள் வரிசை. திட்டுவார்களோ என்ற பயம் வேறு. எங்கேயோ ஒரு டாக்டர், "இந்தக் கருமத்தை விடக் கூடாதா?" என்று கத்தியிருப்பார். அந்தப் பேச்சு பத்து ஊருக்குப் பரவிவிடும். அதிகாரிகள் இந்தப் பகுதியைப் படிப்பதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சேலையைக் கட்டியாவது தனி மறைப்பு வையுங்கள். கறையைப் பற்றிப் பேசாதீர்கள். புண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதற்குப் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் கேரளாவில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு 1996-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல விட்டார்கள். 2005-ல் வெளியான முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் சாவது 34 சதவீதம் குறைந்திருந்தது. வெறுமனே கண்ணால் பார்த்ததில் இவ்வளவு! பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஊரில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மிரட்ட வேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பொடி, பீடி, குடி இவற்றில் ஒன்று இருக்கிறவர்களை யாரும் விடக் கூடாது.

வீட்டிலும் மாதம் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். கன்னத்தை விலக்கி உட்பக்கம் பாருங்கள். விரலால் தடவி எங்கேயாவது கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வயதான அம்மா, மாமியார் இருந்தால் அவர்களுக்கு நீங்கள் பாருங்கள். கண் தெரியாதவர்கள் கண்ணாடியில் எதைப் பார்ப்பார்கள்?

பல் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பெரிய வைத்தியம் என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். சின்னத்தைக்கு ஆபரேஷனும் கரண்டும் அதில்தான் நடந்தது. புகையிலையை விட முடியவில்லையே என்று தவிக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்று ஓர் இலவச எண் இருக்கிறது. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருபது பேர். அதில் ஒன்பது பேர் வெற்றிலை போடுகிறவர்கள், நாலு பேர் புகையிலை. கடன் வசூல், வட்டிக் கணக்கு என்று கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தாம்பாளத்தை நடுவில் வைத்துக்கொள்வார்கள். வாய்ப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஆண்கள் கிடையாது, தெரிந்த முகங்கள், கூச்சமும் இல்லை. போன கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, "எங்க வாயைப் பார்க்கிறதுக்குப் பதிலா ரேஷன் அரிசியைப் பாருங்க" என்றாள். அதுவும் நியாயம்தான்! ஆனால் தலைவி ஒத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நர்ஸம்மா வருகிறார். முதல் ஆளாக நாக்கை நீட்ட எதிர்வீட்டு அக்கா பெயர் கொடுத்திருக்கிறார். டார்ச் லைட் என்னுடையது.

— ஒரு வாசகி, பரமத்தி வேலூர்.